மெதடிஸ்ட் சபை பிரிந்த கதை: அந்த வாட்ஸ்அப் செய்தியில் எது உண்மை, எது புரளி?

ஹூஸ்டன்_கிழக்கு எழுதியது:

நாகர்கோவில் பக்கம் எங்க பழைய சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி மூணு நாளா சுத்துது. "மெதடிஸ்ட் சபையில் ஓரினத் திருமணம் சட்டமாகிவிட்டது, இனி இந்தியாவிலும் கட்டாயம், ஊக்கமாய் ஜெபியுங்கள்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருத்தர்கூட எந்த மெதடிஸ்ட், எந்தச் சட்டம்னு கேட்கலை.

புரளியை முதல்ல தள்ளிடுவோம். நடந்தது யுனைடெட் மெதடிஸ்ட் சபையில்; ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு எதிரா இருந்த தடைகளை 2024ல அது நீக்கிச்சு. தலைமை அமெரிக்காவில். இந்திய மெதடிஸ்ட் சபை 1981லேயே தன்னாட்சி வாங்கிட்டது. நம்ம தமிழ்நாட்டு வெஸ்லியன் மெதடிஸ்ட் சபைகளோ 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துட்டன. அமெரிக்காக்காரன் வாக்கு இவங்க யாரையும் கட்டாது.

இனி என் கதை. ஹூஸ்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். எங்க தமிழ் ஐக்கியம் ஞாயிறு சாயங்காலம் கூடுறது ஒரு யுனைடெட் மெதடிஸ்ட் சபையின் பின்கட்டு ஹாலில்தான். என் மனைவி அந்தச் சபையிலேயே அங்கத்தினர் ஆனா, பின்னாடியே நானும். 2022ல, இந்த ஓரினச்சேர்க்கைச் சண்டையால, அந்தச் சபை யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபையை விட்டு விலகலாமான்னு வாக்கெடுத்தாங்க. சீட்டு எண்ணிய நாலு பேரில் நான் ஒருத்தன்.

வாக்குப்பெட்டி கிடையாது. காணிக்கைத் தட்டையே சுத்தவிட்டாங்க. விலகணும்னா வந்திருப்பவர்களில் மூணில் ரெண்டு பங்கு வேணும். வராதவங்க சார்பா யாரும் போட முடியாது, தபால் ஓட்டும் இல்லை. அதனால முதியோர் இல்லத்துல இருந்து சக்கர நாற்காலியில் கூட்டிட்டு வந்தாங்க. பத்து வருஷமா எட்டிப் பார்க்காதவங்க அன்னைக்கு முன்வரிசையில். திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு) எடுத்த பிள்ளைகளும் முழு அங்கத்தினர்தான் என்பதால் பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் பென்சிலைக் கடிச்சுக்கிட்டே சீட்டைப் பார்த்துட்டு இருந்தான்.

தேவைக்கு மேல ரெண்டே ரெண்டு வாக்கு. விலகியாச்சு. முடிவைப் படிச்சதும் கைதட்டல் இல்லை. சமையலறைப் பொறுப்பில் இருந்த ஒரு அம்மா, எங்க பிரியாணி அண்டாவைக் கழுவ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறவங்க, எழுந்து வந்து காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை வெச்சுட்டு வெளியே போனாங்க. அவங்க பேரன் இன்னொரு ஆணைக் கல்யாணம் பண்ணியிருக்கான்னு சபையில எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசினதில்லை, அவ்வளவுதான்.

திருவசனம்7 எழுதியது:

அண்ணன், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் கேள்வி வேறு. வேதவாக்கியத்துக்கு ஓட்டெடுப்பு எதற்கு? ஓரினச்சேர்க்கையைக் கண்டிக்கும் ரோமர் முதலாம் அதிகாரம் பெரும்பான்மைக்குக் காத்திருக்கிறதா? ஓட்டினால் உள்ளே வந்ததை ஓட்டினால் வெளியே அனுப்பலாம். கற்பாறையின்மேல் கட்டப்பட்ட சபைக்கு இது அழகா? விலகிப்போனவர்களை ஏதோ வெறுப்பாளர்கள் போல எழுதுவதையும் நிறுத்தவேண்டும். நான் நேரில் அறிந்த இரண்டு குடும்பங்கள் மனச்சாட்சிக்காகவே போனார்கள், அழுதுகொண்டுதான் போனார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, வேதத்துக்கு ஓட்டெடுப்பு எதற்கு என்றீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தடையே ஓட்டில் பிறந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது.

மெதடிஸ்ட் சபையும் இவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் சபையும் இணைந்து 1968இல் யுனைடெட் மெதடிஸ்ட் உருவானது. நான்கு ஆண்டு கழித்து 1972இல் அட்லாண்டாவில் பொது மாநாடு. சமூகக் கொள்கைகள் என்றொரு வரைவு. அதில், ஓரினச்சேர்க்கையாளர்களும் புனிதமான மதிப்புள்ள மனிதர்களே என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. டெக்சாஸைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர், சபையார் தரப்புப் பிரதிநிதி, எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அந்த முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்கி, "இப்பழக்கம் கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது" என்ற கருத்தைத் தொடர்ந்து சேர்க்கவேண்டும். வாக்குக்கு விட்டார்கள், நிறைவேறியது. ஒரு காற்புள்ளி 52 ஆண்டு நின்றது. 1984இல் குருத்துவத் தடை, 1996இல் ஓரினத் திருமண ஆராதனை நடத்தத் தடை. எல்லாம் அதன்மேல் ஏறிய மாடிகள்.

ஏன் இப்படி என்றால், அந்தச் சபையில் போப்பாண்டவர் கிடையாது. பேராயர்கள் மேடையில் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தலாம், வாக்களிக்க முடியாது. சபை முழுவதற்குமாகப் பேசும் அதிகாரம் பொது மாநாட்டுக்கு மட்டும். வழக்கமாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். பிரதிநிதிகளில் பாதிப் பேர் போதகர்கள், பாதிப் பேர் சபையார். அது எழுதும் ஒழுங்குமுறைப் புத்தகம்தான் சட்டம். தகராறு வந்தால் ஒன்பது பேர் கொண்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். அமெரிக்க அரசியல் சாசனத்தை அப்படியே சபைக்குள் கொண்டுவந்து வைத்தது போலத்தான். அதன் அழகும் அதன் அசிங்கமும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அசிங்கத்துக்கு ஒரு காட்சி. 2019 பிப்ரவரி, செயின்ட் லூயிஸ், கால்பந்து அரங்கம். இந்த ஒரு விஷயத்துக்காகவே சிறப்புக் கூட்டம். ஒவ்வொரு சபையும் தன் முடிவை எடுக்கட்டும் என்ற திட்டத்தைப் பேராயர்களில் பெரும்பாலோர் பரிந்துரைத்திருந்தனர். அது தோற்றது. தடையை இறுக்கும் மரபுத் திட்டம் 438க்கு 384 என்று வென்றது. ஓரினத் திருமணம் நடத்தும் போதகருக்கு முதல் தடவை சம்பளமில்லாமல் ஒரு வருட இடைநீக்கம், இரண்டாம் தடவை பட்டம் பறிப்பு. விலகும் சபைகளுக்கான விதியில், எந்த வரைவை எடுத்துக்கொள்வது என்ற கட்டத்தில் வாக்கு 402க்கு 400! பிறகு பார்த்தால், தகுதியில்லாத சிலர் வராத பிரதிநிதிகளின் அடையாளத்தில் வாக்களித்திருக்கிறார்கள், நான்கு வாக்குகள் செல்லாதவை. கடைசியில் மூல வாக்கெடுப்பில் அதே விதி தனியாக நிறைவேறியிருந்ததால் சட்டம் நின்றது. ஹூஸ்டன் அண்ணன் எண்ணிய சீட்டுகளுக்கெல்லாம் தாய் அந்த விதிதான்.

ஈப்போ_அக்கா எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் மலேசிய மெதடிஸ்ட் சபையிலும் தமிழ் ஆண்டு மாநாடு (சபைகளின் கூட்டமைப்பு) தனியாக உண்டு, 1885இல் ஓல்ட்ஹாம் இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து தொடங்கிய பணியின் வழி வந்தவர்கள் நாங்கள். எங்களிடமும் கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போகிறவர் கையை வீசிக்கொண்டு போவார், கட்டடம் இங்கேயே நிற்கும். ஹூஸ்டனில் கட்டடத்தோடு எப்படிப் போனார்கள்?

ஹூஸ்டன்_கிழக்கு எழுதியது:

அக்கா, சண்டையோட முடிச்சே அங்கதான் இருக்கு. மெதடிஸ்ட் சட்டப்படி உள்ளூர்ச் சபை கட்டடத்தைத் தனக்காக வெச்சிருக்கலை, முழுத் திருச்சபைக்காகவும் பொறுப்பில் வெச்சிருக்கு. ஜான் வெஸ்லி காலத்து மாதிரிப் பத்திரத்துலயே இந்த ஏற்பாடு உண்டு. பிடிக்காத பிரசங்கியாரை உள்ளூர்ப் பெரியவங்க கதவைச் சாத்தி வெளியே தள்ளிடக்கூடாதேன்னு செஞ்சது. இருநூத்தைம்பது வருஷம் கழிச்சு அதே பூட்டு இன்னொரு பக்கம் பூட்டுது.

2019ல அந்தப் பூட்டுக்கு ஒரு தற்காலிகச் சாவி கொடுத்தாங்க. ஒழுங்குமுறைப் புத்தகத்துல 2553ஆம் பத்தி. மனச்சாட்சிக் காரணத்துக்காக, அதுவும் ஓரினச்சேர்க்கை பற்றிய கருத்துவேறுபாட்டுக்காக மட்டும், விலகலாம். கட்டடத்தையும் எடுத்துட்டுப் போகலாம். மேலிடத்துக்குக் கட்டுற ரெண்டு வருஷப் பங்குத்தொகையைக் கட்டணும், போதகர்களின் ஓய்வூதிய நிதியில் வரக்கூடிய குறைக்கு நம்ம பங்கையும் கொடுக்கணும். கெடு 2023 டிசம்பர் 31.

எங்க கூட்டத்துல வேதத்தைப் பத்திப் பேசினது மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும். மீதி மூணு மணி நேரமும் ஓய்வூதியத் தொகை, கூரை ரிப்பேர்க் கடன், கார் நிறுத்துற இடத்தோட மதிப்பு. நான் குறையாச் சொல்லலை, கணக்கும் பார்க்கத்தானே வேணும். ஆனா கெடு நெருங்க நெருங்க "இப்பப் போகலைன்னா அப்புறம் கட்டடம் கிடைக்காது" என்பதே ஒரு காரணமாயிடுச்சு. எங்க டெக்சாஸ் ஆண்டு மாநாட்டில் ஏறத்தாழ பாதிச் சபைகள் அப்படி வெளியேறின. நாடு முழுக்க 7,600க்கு மேல, நாலில் ஒரு பங்கு. அத்தனையும் ரோமர் முதலாம் அதிகாரத்தைப் படிச்சுட்டுப் போனதுன்னு என்னால நம்ப முடியலை தம்பி. போனவங்கள்ல அழுதவங்க இருந்தாங்க, அதுவும் நெசம்.

மௌனசாட்சி எழுதியது:

இந்தக் குழுமத்தில் ஆறு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்.

நான் தூத்துக்குடிக்காரன், இப்போது சிகாகோவில். தன்பாலின ஈர்ப்பாளன். ஓய்வுநாள் பாடசாலையில் வருகைப்பரிசு வாங்கியவன், பாடகர் குழுவில் டெனர். என்னைப் பற்றி என் சபையில் யாரும் எதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசினதில்லை" என்று ஹூஸ்டன் அண்ணன் எழுதிய வரியை நான்கு முறை படித்தேன்.

2024 மே 1. சார்லட்டில் பொது மாநாடு. கொரோனாவால் நான்கு வருடம் தள்ளிப்போனது. அலுவலகத்தில் ஒரு காதில் நேரலையை மாட்டிக்கொண்டு ஏதோ கணினிப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். குருத்துவத் தடையை நீக்கும் தீர்மானம் எப்போது விவாதத்துக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. விவாதம் தேவையில்லாத தீர்மானங்களை மொத்தமாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றும் பட்டியல் ஒன்று உண்டாம், அதற்குள் அதுவும் இருந்தது. 692க்கு 51. நாற்பது வருடத் தடை, ஒரு பேச்சுக்கூட இல்லாமல் போனது. திரையில் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. மறுநாள் அந்தக் காற்புள்ளி வாக்கியமும் 523க்கு 161 என்று நீங்கியது.

மகிழ்ச்சியா என்று கேட்டால், முதலில் வந்தது கோபம். இவ்வளவு சுலபமா? அப்படியென்றால் மகனின் திருமணத்தை நடத்திவைத்ததற்காக 2013இல் பென்சில்வேனியாப் போதகர் ஒருவரை, பிராங்க் ஷேஃபரை, விசாரணை நடத்திப் பட்டம் பறித்தீர்களே, அது என்ன? தகப்பன் மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அவ்வளவுதான் குற்றம். அடுத்த வருடம் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. தன்பாலின ஈர்ப்பாளரான போதகர் பெத் ஸ்ட்ரவுட் 2004இல் இழந்த பட்டம் திரும்பி வர 2024 மே மாதம் ஆயிற்று. இருபது வருடம்.

திருவசனம்7 எழுதியது:

சகோதரரே, நீங்கள் எழுதியதைப் படித்து உடனே பதில் எழுதாமல் ஒரு நாள் விட்டு எழுதுகிறேன். உங்கள் வருத்தத்தை நான் லேசாக எடுக்கவில்லை. என் விசுவாசம் மாறவில்லை, அதையும் மறைக்கவில்லை.

ஆனால் 692க்கு 51 என்ற கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அதற்கு முன்பே கால்வாசிச் சபைகள் போய்விட்டன. எதிர்த்து வாக்களிக்க வேண்டியவர்கள் அரங்கில் இல்லை. அதோடு ஆப்பிரிக்கா. மொத்தம் 862 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட ஆப்பிரிக்கர்களுக்கு. அவர்களில் பலர் விசா கிடைக்காமலும் அழைப்புக் கடிதம் நேரத்துக்கு வராமலும் வரமுடியவில்லை. நம்மில் எத்தனை பேர் அமெரிக்கத் தூதரக வாசலில் நின்றிருக்கிறோம்? அந்த வலி நமக்குத் தெரியாதா? உலகத் திருச்சபை என்கிறார்கள், ஆனால் கூட்டம் அமெரிக்காவில், விசா அமெரிக்காவிடம், பணமும் அமெரிக்காவிடம். கூட்டம் முடிந்த அதே மாதத்தில் ஐவரி கோஸ்ட் சபை விலக முடிவெடுத்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் சபை இவர்களை ஏன் இழந்தது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

விசா விஷயத்தில் தம்பி சொல்வது முழுக்க நியாயம், அதை மறுப்பதற்கில்லை. வந்திருந்தாலும் 692ஐ அசைத்திருக்காது என்பது கணக்கு. வரவிடாதது வரவிடாததுதான் என்பது நீதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

யாழ்_பனை எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட மெதடிஸ்த திருச்சபை 1814இல வந்த பிரித்தானிய மிஷனரிமாரால வந்தது, அமெரிக்கனால இல்லை. 1964இலயே தன்னாட்சி. அதால இந்தச் சண்டை எங்களுக்குத் தூரத்து இடிமுழக்கம் எண்டுதான் சொல்லவேணும். ஆனா எங்கட தாய்ச்சபை, லண்டன்காரர், 2021 ஜூனிலயே ஓரினத் திருமணத்தை 254க்கு 46 எண்டு ஏற்றுக்கொண்டவை. விரும்பாத குருவானவர் செய்யத் தேவையில்லை எண்டும் எழுதிவைச்சவை. அங்க பெரிய பிளவு நடக்கேல்லை. அப்ப எங்கட ஊரில ஒருத்தரும் "இலங்கையிலயும் கட்டாயம்" எண்டு கதை கட்டேல்லை. வாட்ஸ்அப் குழு அப்ப சின்னன் போல.

ஹூஸ்டன் அண்ணை, எனக்கு விளங்காதது இதுதான். ஒரு நாட்டுச் சபைக்கு வேறொரு நாட்டு வாக்கு ஏன்? எங்களை 60 வருசத்துக்கு முன்னமே "நீங்களே பாருங்கோ" எண்டு விட்டிட்டினம். ஆப்பிரிக்காவையும் பிலிப்பைன்சையும் மட்டும் ஏன் ஒரே குடையின்ர கீழ வைச்சிருக்கினம்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

யாழ்ப்பாணத்தார் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சார்லட்டில் நடந்ததிலேயே பெரியது அதுதான், பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

2024 ஏப்ரல் 25 அன்று, தடைகளைத் தொடுவதற்கு முன்பே, மண்டலமயமாக்கல் என்ற சாசனத் திருத்தம் 586க்கு 164 என்று தேறியது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா ஆகியவற்றில் மண்டல மாநாடுகள், எல்லாம் சம உரிமையோடு. குருத்துவத் தகுதி, திருமண ஒழுங்கு போன்றவற்றைத் தன் நாட்டுச் சட்டத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப ஒவ்வொரு மண்டலமும் எழுதிக்கொள்ளலாம். முன்பும் வெளிநாட்டு மாநாடுகளுக்கு ஓரளவு இந்த உரிமை இருந்தது, அமெரிக்காவுக்குத்தான் தனி மன்றம் கிடையாது. அதனால் டெக்சாஸ் போதகரின் ஓய்வூதியத்துக்கு காங்கோ பிரதிநிதி கைதூக்கினார், கலிபோர்னியா போதகரின் திருமணத்துக்கும் அவரே கைதூக்கினார். சாசனத் திருத்தம் என்பதால் உலகம் முழுக்க ஆண்டு மாநாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2025 நவம்பரில் முடிவு வந்தது: 91 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அந்த வாட்ஸ்அப் செய்தி பிறந்தது இதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற திருத்தம், நம் ஊர் வந்து சேர்வதற்குள் "எல்லா நாட்டுக்கும் கட்டாயம்" என்றாகிவிட்டது!

எனக்கு ஒரு நெருடல் மட்டும் உண்டு. இந்தச் சபைக்கு மண்டலம் பிரிப்பது புதிதல்ல. 1844இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருந்ததால் வந்த சண்டையில் வடக்கு, தெற்கு என்று பிளந்தார்கள். 1939இல் மீண்டும் சேர்ந்தபோது தெற்கைச் சமாதானப்படுத்தக் கறுப்பினச் சபைகளை மட்டும் 'மத்திய' என்ற பெயரில் தனி மண்டலமாக ஒதுக்கினார்கள். மற்ற மண்டலங்களுக்கெல்லாம் நிலப்பரப்பு எல்லை, அதற்கு மட்டும் தோல் நிறம் எல்லை. 1968 வரை அது இருந்தது. ஒற்றுமைக்காக என்றுதான் அன்றும் சொன்னார்கள்.

மௌனசாட்சி எழுதியது:

அந்த நெருடல்தான் எனக்கும். மண்டலம் பிரித்தாயிற்று, சண்டை ஓய்ந்தது, நல்லது. ஆனால் நைஜீரியாவிலோ லைபீரியாவிலோ பாடகர் குழுவில் டெனர் பாடும் ஒரு பையன் இருப்பான். அவன் மண்டலம் அவனைப் பற்றி எடுக்கும் முடிவில் யாரும் தலையிடக்கூடாது என்றும் சேர்த்துத்தானே 91 சதவீதம் வாக்களித்திருக்கிறார்கள். அதற்காக அமெரிக்கா போய் அவனுக்குச் சட்டம் எழுதட்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நெறியாளர்:

ஒரு பதிவு நீக்கப்பட்டது. வசனம் எழுதலாம், வசையை வசனம்போல எழுதக்கூடாது. இழை திறந்தே இருக்கிறது.

திருவசனம்7 எழுதியது:

நீக்கப்பட்டது என்னுடையது அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மௌனசாட்சி சகோதரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விலகியவர்கள் 2022 மே 1இல் தொடங்கிய குளோபல் மெதடிஸ்ட் சபை என் கருத்துக்கு நெருக்கம். அவர்களும் 2024இல் கோஸ்டா ரிக்காவில் கூடி ஒழுங்குமுறை எழுத உட்கார்ந்தார்கள், அங்கேயும் வாக்கெடுப்புதான். வேதத்துக்கு ஓட்டா என்று கேட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொத்து விஷயத்தில் சபையாருக்கு அவர்கள் அதிகம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். அங்கே கட்டடம் உள்ளூர்ச் சபைக்கே சொந்தம்.

ஈப்போ_அக்கா எழுதியது:

ஹூஸ்டன் தம்பி, இவ்வளவு பேசிவிட்டோம், சாவியை வைத்துவிட்டுப் போன அம்மா என்ன ஆனார்? உங்கள் ஐக்கியம் இப்போது எங்கே கூடுகிறது? நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்கமாட்டேன்.

ஹூஸ்டன்_கிழக்கு எழுதியது:

கேட்காட்டியும் சொல்றேன் அக்கா. வேணாம்னுதான் போட்டேன். என் மனைவி வேணும்னு போட்டா. காரில் வீட்டுக்கு வர்ற இருபத்தஞ்சு நிமிஷமும் ரெண்டு பேரும் பேசலை. ராத்திரி தோசை ஊத்தும்போதுதான், "அந்த அம்மா இனிமே எங்க போவாங்க?"ன்னு கேட்டா. அதுக்கு மேல அவளும் பேசலை.

அவங்க பன்னிரண்டு மைல் தள்ளி, பிரியாத ஒரு யுனைடெட் மெதடிஸ்ட் சபைக்குப் போறாங்க. சின்னச் சபை, முப்பது நாப்பது பேர் வந்தா அதிகம். போன வருஷம் பேரனோட கல்யாணத்தை சபை முறைப்படி மறுபடி அங்கேயே நடத்தினாங்க. எங்களைக் கூப்பிட்டாங்க. நான் போனேன், மனைவி வரலை, ஆனா புடவைக் கடைக்குப் போய் ஒரு சால்வை வாங்கிக் கொடுத்துவிட்டா.

எங்க ஐக்கியம் இன்னும் அதே பின்கட்டு ஹாலில்தான். பெயர்ப்பலகையில சிலுவையும் தீக்கொழுந்தும் இருந்த இடத்துல இப்ப வேற சின்னம். வாடகை அதே வாடகை. புது ஆளு ஒருத்தர் சமையலறையைப் பார்த்துக்கிறார், நல்ல மனுஷன்தான். ஆனா கிறிஸ்துமஸுக்கு அண்டாவைக் கழுவ எடுத்துட்டுப் போனப்போ, அந்தத் தொட்டி சின்னது, தோட்டத்துக் குழாயில் கழுவுங்கன்னுட்டார். டிசம்பர் குளிர்ல, கையெல்லாம் விறைக்க, நாலு பேர் வெளியே நின்னு தேய்ச்சோம். தொட்டி அதே தொட்டிதான்.